மர அறைக்கு வெளியே ஒரு விளக்கு

விளக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதலில் போவது கண், அடுத்தது பொறுமை. கண் போவதற்குக் காரணம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே சுவரில் மாட்டியிருக்கும் மாதிரி விளக்குகள் அத்தனையையும் எரியவிட்டுவிடுவோம். கடை மூடும்வரை எரியும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சதுரம் சதுரமாக வெளிச்சம் மிதக்கும். பொறுமை போன கதையைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் கால் கடுக்க நின்றுகொண்டு, "வேற டிசைன் இல்லையா?" என்ற கேள்வியைப் பொழுது முழுக்கக் கேட்கிற என் இனத்தவருக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் என்றாவது வாடிக்கையாளராக எங்களைப் படுத்தியிருப்பீர்கள். அதனால் உங்களுக்கும் புரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு விளக்குக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு ஒதுக்கியிருப்பது வெளிச்சுவர் விளக்குகள். அதாவது வீட்டுக்கு வெளியே, வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு சுவரில் கிடக்க வேண்டியவை. கொரோனாவின்போது எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு புது ஆசை வந்திருக்கிறது. கொஞ்சம் தோட்டம் இருந்தால் போதும், அதன் மூலையில் பலகையால் சின்னதாக ஓர் அறை போட்டுக்கொள்கிறார்கள். கேபின், காட்டேஜ், அவுட்ஹவுஸ் என்று ஆளுக்கொரு பெயர். எங்கள் கடை எலெக்ட்ரீஷியன் பாஷா பாய் "பொட்டி" என்பார். நான் மர அறை என்றே சொல்கிறேன். அறை எழும்பி, வார்னிஷ் காய்ந்து, நாற்காலி போட்டு, ஃபோட்டோ எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிய பிறகுதான் வாசலுக்கு வெளியே விளக்கு இல்லையே என்பது நினைவுக்கு வரும். அப்போது என்னிடம் வருவார்கள்.

மஞ்சளா, வெள்ளையா

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே நுழைந்ததும், "நல்லா பளிச்சுனு வெள்ளையா ஒண்ணு குடுங்கம்மா" என்றார். பின்னால் வந்த அவர் மனைவி, "மஞ்சள்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மரத்துக்கு மஞ்சள் வெளிச்சம்தான் அழகு, பலகையில் ஓடும் ரேகை தெரியும், வெள்ளையில் அது அட்டைபோல வெளிறிப்போகும், அதுவும் தோட்டத்தில் வெள்ளை விளக்கைப் போட்டால் மழைக்கு மறுநாள் ஊர் ஈசலெல்லாம் அங்கேதான் வந்து குவியும் என்றேன். அவர் மசியவில்லை. மஞ்சள் என்றால் வோல்டேஜ் குறைவாக வருகிற மாதிரி இருக்குமாம், பேப்பர் படிக்க முடியாதாம். "வெளிய நின்னு யாரு பேப்பர் படிக்கறா?" என்றார் அம்மா. "நான் படிப்பேன்" என்றார் அவர்.

இது விளக்கைப் பற்றிய சண்டை இல்லை என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு இந்தத் தொழிலில் வயதாகிவிட்டது. இருந்தாலும் பின்னால் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் அவரை, மாதிரி விளக்குகள் மாட்டிய சுவருக்குக் கீழே நிற்கச் சொல்லி, முதலில் வெள்ளையைப் போட்டேன். பிறகு அதை அணைத்துவிட்டு மஞ்சளைப் போட்டேன். அம்மா எழுந்து வந்து, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார். அவருக்கு என்னவோபோல் ஆகி, "என்ன, மூஞ்சில ஏதாவது ஒட்டிட்டிருக்கா?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரை ட்யூப்லைட்லயே பாத்துட்டேன். இனிமேயாவது மஞ்சள்ல பாக்கறேன், பில் போடும்மா."

ஃபோனுக்குள் இருந்த மகள்

குரோம்பேட்டை சபாபதி சாரும் அவர் மனைவி லலிதா அம்மாவும் கடைக்கு வந்தால், கூடவே அவர்கள் மகள் நித்யாவும் வருவாள். நித்யா இருப்பது கனடாவில். வருவது ஃபோனுக்குள். அவள் ஊருக்கு வந்து தங்கினால் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று தோட்டத்தில் மர அறை கட்டியிருந்தார்கள். நாங்கள் கடை திறக்கும் நேரம் அவளுக்குப் படுக்கப் போகும் நேரம். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒவ்வொரு விளக்காகப் பார்ப்பாள். சபாபதி சார் ஃபோனைப் பிடித்துக்கொள்வார். லலிதா அம்மா, "இது பாரு, ஓரத்துல வளைவா இருக்கு, பாரு" என்று கையைக் காட்டுவார். முதலில் கறுப்பு நிறத்தில் மேலும் கீழும் வெளிச்சம் விழுகிற ஒன்றை எடுத்துப் போனார்கள். சில நாளில் திரும்பி வந்தது. கறுப்பு வெயிலில் சூடேறுமாம். அடுத்து பித்தளை நிறம். அதுவும் திரும்பியது. பிறகு கண்ணாடிக் கூண்டு போட்டது, அதுவும் திரும்பியது. "இவங்களுக்கு விளக்கே வேணாம் போல ஸ்டெல்லா, ஏசிக்காக வர்றாங்களா?" என்று எங்கள் முதலாளியே கேட்டுவிட்டார். திரும்பி வந்த பெட்டிகளை மறுபடி ஒட்டி அடுக்குவது என் வேலை என்பதால் எனக்கும் எரிச்சல்தான்.

ஒரு நாள் நித்யா தீர்மானமாகவே சொல்லிவிட்டாள். "அம்மா, அந்தக் கண்ணாடி வெச்சதே இருக்கட்டும். ஃபைனல். நான் தூங்கறேன்." லலிதா அம்மா உடனே, "இரு இரு, மாடியில இன்னும் நிறைய வெச்சிருக்காங்களாம், அதைப் பாக்கலியே நீ" என்றார். எங்கள் கடைக்கு மாடி கிடையாது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, நான் உள்ளே போய், தூசி படிந்த பழைய மாடல்களை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினேன். நித்யாவும் தூக்கத்தை மறந்து, பள்ளிக்கூடத்து வராண்டாவில் இதே மாதிரி ஒன்று இருந்ததே, மழை நாளில் அதன் கீழேதான் அப்பாவின் ஸ்கூட்டருக்காக நிற்பேனே என்றெல்லாம் பேச ஆரம்பித்தாள். சபாபதி சாருக்குக் கை வலித்திருக்க வேண்டும், ஃபோனை மாற்றி மாற்றிப் பிடித்தார். அவர்கள் அன்று வாங்கிப் போனது கண்ணாடிக் கூண்டு வைத்த அதே விளக்கைத்தான். பில் போட்டபோது லலிதா அம்மா என் பக்கம் குனிந்து, கணவர் காதில் விழாமல் சொன்னார்: "சாப்பிட்டியா தூங்கினியான்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல வெச்சுடறா. விளக்குன்னா ஒரு மணி நேரம் பேசறா. இப்ப முடிவாயிடுச்சு, இனிமே எதைக் கேக்கறது மேடம்?"

தண்ணீர் வந்த உயரம்

முடிச்சூர்க்காரர்களிடம் விளக்கு விற்பது தனிக் கலை. மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள், வாரண்டியைக் கேட்பார்கள். இவர்கள் உயரத்தைக் கேட்பார்கள். வின்சென்ட் மாஸ்டர் அப்படித்தான் கேட்டார். அவர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். ஏரி நிரம்பி ஊருக்குள் வெள்ளம் வந்தபோது அவருடைய ஆர்மோனியம் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது. வெயிலில் காயவைத்தபோது கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து எழுந்தனவாம். அதற்குப் பிறகு தோட்டத்தில் கான்கிரீட் கால்களை எழுப்பி, அதன்மேல் மர அறை போட்டிருந்தார். ஏறிப் போகப் படி. "விளக்கு எங்க வரணும்னு பாத்துக்கோங்க மேடம்" என்று தன் கழுத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. நான் நின்ன இடத்துல. விளக்கு இதுக்கும் மேல இருக்கணும்."

அந்த உயரத்தில் வைத்தால் படி இருட்டாகவே இருக்கும், சாயங்காலம் பாட்டுக்கு வருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்றேன். தாழ வைக்க அவருக்கு மனசே வரவில்லை. மூடி போட்டது, தண்ணீர் புகாதது என்று ஒரு விளக்கை எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி புகாது, சரி. ஏரித்தண்ணி?" என்றார். கடைசியில் இரண்டு வாங்கிக்கொண்டார். ஒன்று கூரையை ஒட்டி, ஒன்று படி ஓரத்தில். பாஷா பாய் மாட்டப் போனபோது இரண்டுக்கும் தனித்தனி ஒயர் இழுக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கு மாஸ்டர், ஒரே சுவிட்சில் வைத்துவிடலாமே என்று பாய் கேட்டிருக்கிறார். மாஸ்டர் சொன்னதைப் பாய் அப்படியே வந்து என்னிடம் ஒப்பித்தார்: "மேல இருக்கறது ஆர்மோனியத்துக்கு, கீழ இருக்கறது பசங்களுக்கு. தண்ணி வந்தா பசங்க வூட்டுக்குப் போயிடுவாங்க பாய், ஆர்மோனியம் எங்க போவும்?"

அண்ணன் பக்கம், தம்பி பக்கம்

அகரம்தென் பக்கத்தில் ஒரே வளாகத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்து வீடு. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எழும்பியதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தணிகாசலம் மனை வாங்கி விற்பவர். தோட்டத்தில் ஆபீஸ் மாதிரி ஒரு மர அறை போட்டு அதற்கு விளக்கு கேட்டு வந்தார். அவருடைய ஒரே நிபந்தனை, வெளிச்சம் நேராகக் கீழேதான் விழ வேண்டும், பக்கத்தில் ஒரு பொட்டுகூடப் போகக் கூடாது. "அந்தாண்ட பக்கம் போச்சுன்னா, வேணும்னே அடிக்கிறேன்னு சொல்லுவான். எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?" என்றார். கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் தருகிற, மேலே தொப்பி வைத்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

பாஷா பாய் ஏணி போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி, கையில் பிளாஸ்டிக் குடத்தோடு, என்ன வேலை நடக்கிறது என்று பாயிடம் கேட்டிருக்கிறார். தம்பி வீட்டுக் குழாய் அந்த மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அங்கே ஒன்றும் தெரியாது. பாய் சும்மா இல்லாமல், "லைட்டு பா. உன்னாண்ட வராத மாரி வெக்கச் சொல்லிகீறாரு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். தம்பி குடத்தைக் கீழே வைத்துவிட்டு மதிலை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு, "வந்தா இன்னா பாய்? அண்ணன் லைட்டுதானே. இங்க ஒரே இருட்டா கீது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மர அறைக்குள் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்த தணிகாசலம் காதில் இது விழுந்ததா என்று பாய்க்குத் தெரியவில்லை. பாய் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே தணிகாசலம் கடைக்கு வந்தார். விளக்கைக் கழற்றி, வாங்கிய பெட்டியிலேயே போட்டு எடுத்து வந்திருந்தார். என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் எரிகிறது என்றார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, மாதிரிச் சுவரில் இருந்த விளக்கு ஒன்றை விரலால் தட்டியபடி கேட்டார்: "மேடம், வெளிச்சம் கொஞ்சம் பக்கத்துல தெறிக்கிற மாரி வேற ஏதாச்சும் கீதா?"

என் கதவுக்கு வெளியே

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, இவ்வளவு விளக்கு விற்கிறாளே, இவள் வீட்டில் என்ன மாட்டியிருக்கிறாள் என்று நினைக்கலாம். பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். என் கணவர் டேவிட்டுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து, விடிவதற்கு முன்னால் வருவார். எங்கள் மாடி வராண்டாவில் விளக்கு ஒரு கோடியில் இருக்கிறது, எங்கள் கதவு மறு கோடியில். சாவித் துவாரத்தைத் தேடி அவர் சாவியை உரசுகிற சத்தத்தில்தான் நான் தினமும் விழிப்பேன். கடையில் இருந்த, தயாரிப்பு நின்றுபோன மாடல் ஒன்றை முதலாளி எனக்குச் சும்மா கொடுத்தார். சின்ன விளக்கு, தேன் நிறக் கண்ணாடி. டேவிட் வரும்போது கதவோரத்தில் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தூக்கம் கெடுகிறதே என்பதற்காக மட்டும் இல்லை. வீடு என்று ஒன்று தனக்காகக் காத்திருக்கிறது என்பது அவருக்கு வராண்டா முனையிலிருந்தே தெரிய வேண்டும்.

பாஷா பாய் துளை போடும் மெஷினோடு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அசோசியேஷன் செகரட்டரி மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர்தான், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தால் பதிலுக்கு முறுக்கு கொடுத்தனுப்புபவர். ஒருத்தருக்கு அனுமதித்தால் எல்லாரும் மாட்டுவார்கள், ஒவ்வொருவர் ஒவ்வொரு நிறத்தில் மாட்டுவார்கள், கட்டடம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பாய் மெஷினை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கொடுத்த டீயைக் குடிக்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தேன் நிற விளக்கு அட்டைப் பெட்டியோடு சமையலறைப் பரணில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் வெளிச்சுவர் விளக்கு விற்கிற எனக்குச் செகரட்டரி அன்று சொன்ன வாக்கியம் இதுதான்: "மேடம், கதவு வரைக்கும்தான் உங்களுது. கதவுக்கு வெளிய இருக்கற சுவர் பொதுச் சொத்து."

யாரும் இல்லாமல் எரிந்த விளக்கு

கிரேஸ் மிஸ் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் பின்பக்கத் தோட்டத்தில் மர அறை கட்டி, பெஞ்சு போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். அதற்குத்தான் என்னிடம் சென்சார் வைத்த விளக்கு வாங்கிப் போனார். ஆள் வந்தால் தானாக எரியும், போனால் தானாக அணையும். சமையலறையில் இருந்தாலும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் இப்போதெல்லாம் பிள்ளைகள் டியூஷன் சென்டருக்குத்தான் போகிறார்கள், அல்லது ஃபோனில் படிக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

ஒரு நாள் மிஸ் ஃபோன் செய்தார். சாயங்காலமானால் விளக்கு தானாக எரிகிறது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, விளக்கில் கோளாறு என்றார். பாஷா பாய் போகும்போது நானும் கூடப் போனேன். எனக்கு மிஸ்ஸைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டு சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் மங்கியதும் கொஞ்சம் காற்று வீசியது. விளக்கு எரிந்தது. மிஸ் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பாய் வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். மர அறையை ஒட்டி வளர்ந்திருந்த வாழையின் இலை ஒன்று காற்றில் ஆடி ஆடிச் சென்சாருக்கு நேரே வந்துகொண்டிருந்தது. "லைட்டு மேல ஒண்ணும் தப்பில்ல மிஸ். எலதான் ஆடிகினு கீது. எலய வெட்டிடட்டா, இல்ல லைட்ட அந்தாண்ட திருப்பி வெக்கட்டா?"

மிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. பாய் கத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு, வகுப்பில் பேசுகிற அதே தெளிவான குரலில் மிஸ் சொன்னார்: "ரெண்டும் வேணாம் பாய், அது பாட்டுக்கு எரியட்டும். இலைதான்னு தெரிஞ்சாலும், யாரோ வந்த மாதிரி இருக்கு."

பலகையோடு வந்தவர்

கடைசியாகச் சொல்ல வேண்டியவர் சரவணன். அவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நண்பர்களோடு ஒரு ரூமில் தங்கியிருந்தார். விடுமுறை நாளில் ரயில் ஏறித் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் கடைக்கு வருவார். கையில் முழநீளத்துக்கு ஒரு பைன் பலகை இருக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மரச் சாமான் விற்கிறவரிடம் வாங்கியதாம். எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார். அதைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு விளக்கையும் அதன்மேல் பிடித்துப் பார்ப்பார். இது கண்ணைக் குத்துகிறது, இது பலகையைச் சிவப்பாகக் காட்டுகிறது, இது சரி ஆனால் நிழல் கோணலாக விழுகிறது என்று எனக்கே பாடம் நடத்துவார். எத்தனை விளக்கு வேண்டும், கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் நானும் மும்முரமாகக் கேட்பேன். கூடுவாஞ்சேரி தாண்டி மனை என்றார். கிணறு இருக்கிறதாம், வேலியோரம் வேப்பமரம் இருக்கிறதாம். அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்துக்கொள்ளப் போகிறாராம். பெரிய வீடு கட்ட இப்போது முடியாது, முதலில் தோட்டத்தில் ஒரு மர அறை போதும் என்றார்.

பல முறை வந்தும் அவர் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு நாள் முதலாளி பொறுமை இழந்து, "தம்பி, மனை எந்த இடம்னு சொல்லுங்க, நம்ம பாயை அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்றேன். என்ன விளக்குன்னு அங்கயே முடிவு பண்ணிடலாம்" என்றார். சரவணன் பலகையைத் துடைப்பதுபோலக் கொஞ்ச நேரம் துடைத்தார். அப்புறம் மனை இன்னும் வாங்கவில்லை என்றார். பார்த்துக்கூட வைக்கவில்லை. ரயிலில் வரும்போது ஜன்னல் வழியே ஓர் இடம் தெரியுமாம், கிணறும் வேப்பமரமும் அங்கே இருப்பவைதானாம். யாருடையது என்றே தெரியாதாம். முதலாளி கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு, "சரி, ஸ்டெல்லா மேடம் காட்டுவாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் சரவணன் வந்துகொண்டிருந்தார். நானும் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நாள் முழுக்கப் பார்க்கிற கஸ்டமர்களில் அவர் ஒருவரிடம் பேசும்போதுதான் எனக்கும் அந்த வேப்பமரத்தடி கண்ணில் தெரியும். பிறகு அவரைக் குஜராத்தில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் கடைக்கு வந்தார். அன்றைக்கு எந்த விளக்கையும் கேட்கவில்லை. சுவரோரத்தில் பலகையைச் சாய்த்து, முதலிலிருந்தே அவருக்குப் பிடித்திருந்த அந்தத் தொப்பி வைத்த மஞ்சள் விளக்கை ஒரே ஒரு தரம் போடச் சொன்னார். போட்டேன். பலகையின் ரேகைகள் மேலிருந்து கீழே இறங்கி வந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு கஸ்டமர் வந்து நின்றதும் தானே சுவிட்சை அணைத்தார். பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், குஜராத் வரைக்கும் இதை எதற்குத் தூக்கிப்போவது, கஸ்டமருக்குக் காட்ட உங்களுக்கு உதவும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: "வீடு எப்ப வேணாலும் வரட்டும் மேடம். வெளிச்சம் எப்படி விழும்னு தெரிஞ்சுபோச்சு இல்ல, அது போதும்."

இத்தனை நாள் நின்று விற்றதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளிச்சுவர் விளக்குக்குள் மழை போகாது, தூசி போகாது, துருவும் ஏறாது என்று கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் உறுதி சொல்கிறார்கள், அந்த வெளிச்சத்தில் வந்து நிற்க வேண்டியவர் வருவார் என்பதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் வாரண்டி கொடுப்பதில்லை.